தலைச் சாயமும் ஒரு பழியும்

அந்த அக்காவின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், "எதுக்கு அம்மிணி என் பேரைச் சொன்னே? காரணத்தைச் சொல்லு" என்று போன் போட்டுக் கேட்பார். என்னால் பதில் சொல்லி மாளாது.

கொல்லிமலையில் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது என் பார்லர். நான் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்காரி. வீட்டுக்காரருக்குக் கரண்ட் ஆபீஸில் மாற்றலாகி மலைக்கு வந்தோம். நாமக்கல்லில் கற்ற தொழிலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார முடியவில்லை. ஒற்றை அறை, ஒரு சுற்று நாற்காலி, ஒரு கண்ணாடி, வாசலில் பூப்போட்ட திரை என்று ஆரம்பித்தேன். மலையில் பார்லருக்கு எவள் வருவாள் என்று சிரித்தார்கள். வந்தார்கள். புருவம் திருத்த வந்தார்கள், கல்யாணப் பெண்கள் வந்தார்கள், டை அடிக்க வந்தார்கள். இதில் டை அடிக்க வருகிறவர்கள்தான் முதலில் திரையை இழுத்துவிடச் சொல்வார்கள். நரை இருப்பது ஊருக்கே தெரியும், அதை மறைப்பது மட்டும் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதாம்!

அக்கா முதன்முதலாக வந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தலை பாதிக்குமேல் வெள்ளை. இளநரை. அவர்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தானாம். மிளகுத் தோட்டமும் குச்சிக்கிழங்குக் காடும் வைத்து, புருஷனோடு சரிக்குச் சரி பாடுபடுகிறவர். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே டை பாக்கெட்டைக் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இது எதுக்குக் கையுறை போடச் சொல்லுது?"

"கையில கறை புடிக்குமுங்க அக்கா. தோலுக்கும் ஒத்துக்காமப் போகலாம்."

"உன் கைக்கு ஒத்துக்காதது என் தலைக்கு மட்டும் எப்படி ஒத்துக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு இப்படி ஒரு விசாரணையா? காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்த்து, அரிப்போ தடிப்போ வரவில்லை என்றால் இரண்டு நாள் கழித்துப் போடலாம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்தது. "சரி, பொட்டு வெய்யி. நாளான்னிக்கு வாரேன்" என்று போய்விட்டார். என் பார்லரில் அப்படிப் பொட்டு வைத்துக்கொண்டு போன முதல் ஆள் அவர்தான்.

ஏன் என்று கேட்பது அவருக்கு வாய்க் கொழுப்பு இல்லை, பசி மாதிரி. அவர் ஊருக்குப் போகும் பாதையில் பலாமரத்து வளைவு என்று ஓர் இடம். அங்கே பஸ் நிற்காது. "அங்கல்லாம் நிறுத்தறதில்லீங்க" என்றாராம் கண்டக்டர். "நிறுத்தறதில்லைங்கறது தெரியுது. எதுக்கு நிறுத்தறதில்லை?" கண்டக்டர் டிரைவரைக் காட்டினார், டிரைவர் ஆபீஸைக் காட்டினார். அக்கா மறுநாளே மலையிறங்கி ஆபீஸுக்குப் போய்க் கேட்டார். அங்கே யாருக்கும் காரணம் தெரியவில்லை. எந்தக் காலத்திலோ யாரோ சொன்னதாம். அதன்பிறகு நிறுத்த ஆரம்பித்தார்கள்; இன்றைக்கும் பலாமரத்து வளைவில் பஸ் நிற்கிறது. நானே அதில் இறங்கியிருக்கிறேன்.

"சொன்னவங்க ஆயிரம் பேரு, கண்டவங்க யாரு?" என்பார் அடிக்கடி. அதற்காக எல்லாவற்றையும் மறுத்துப் பேசுகிற ஆளும் இல்லை. காரணம் சொன்னால் சட்டென்று கேட்டுக்கொள்வார். அப்படிப்பட்டவர்தான், ஒரே ஒருமுறை காரணம் கேட்காமல் இருந்துவிட்டார்.

கல்யாணமாகிப் பல வருடம் குழந்தை இல்லாமல் இருந்தவர் அவர். மாதாமாதம் என்னிடம் டை போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை போட்டுக்கொண்டு போனபோது நாள் தள்ளிப்போயிருப்பது அவருக்கே தெரியாது. பிறகு தெரிந்தது. வீடே கொண்டாடியது. எனக்குக்கூட ஒரு கூடை மலைவாழைப்பழம் வந்தது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்துவிட்டது.

கீழே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவர் மாமியார் நேராக என் பார்லருக்கு வந்தார். கடையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"தலைக்குப் போடற மருந்துச் சூடு உச்சி வழியா வயித்துக்கு எறங்கும்னு அப்பவே சொன்னேன். எவ கேட்டா? ஆத்தா மகராசி, உன்ற கையால போட்டதுதான் என்ற ஊட்டுக் கொழுந்தைக் கருக்கிருச்சு."

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. கடையைப் பூட்டிவிட்டுக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போய் அம்மா மடியில் விழுந்து அழுதேன். திரும்பி வந்தபோது ஊருக்கே கதை தெரிந்திருந்தது. புருவம் திருத்த வருகிறவர்கள்கூட என் கையைப் பார்த்தார்கள்.

அக்காவிடம் ஓடிப் போனேன். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "அக்கா, அப்படியெல்லாம் ஆகுமுங்களா?" என்று கேட்டேன். என்னைவிட நூறு கேள்வி அதிகம் கேட்கிற மனுஷி அல்லவா, ஏதாவது கேட்பார், யாரையாவது போய் விசாரிப்பார் என்று நினைத்தேன். அவர் திரும்பவே இல்லை. "இருக்கும் அம்மிணி" என்றார், அவ்வளவுதான். அந்த 'இருக்கும்' எனக்கு மாமியாரின் சாபத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

அதோடு டை போடுவதை விட்டுவிட்டார். தலை முழுக்க வெளுத்தது. நாற்பதுகூட ஆகாதவரைப் பஸ்ஸில் "பாட்டி, இப்படி உக்காருங்க" என்று எழுந்து இடம் கொடுத்தார்கள். முன்பாக இருந்தால் "உன்ற கண்ணுல கோளாறா சாமி?" என்று கேட்டிருப்பார். இப்போது பேசாமல் உட்கார்ந்துகொண்டார். அந்த வெள்ளையை அவர் தண்டனையாகத்தான் சுமந்தார்.

மூன்று வருடம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. ஐந்தாம் மாதம். ஊரில் அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருந்தேன், நேரில் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துவிட்டேன். அவர் நாற்காலியில் உட்காராமல் பழையபடி நின்றார். சரி, அக்கா திரும்பி வந்துவிட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"ஏழாம் மாசம் வளையல் போடறாங்க. அதுக்கு நான் டை போட்டுக்கப் போறேன்."

"அய்யோ! என்னைக் கொன்னாலும் போடமாட்டேனுங்க!"

"எதுக்குப் போடமாட்டே?"

"ஏதாச்சும் ஆச்சுன்னா? பட்டது போதாதுங்களா? புள்ளை பொறக்கட்டும், அப்புறம் தங்கத்துலயே முக்கி எடுக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளைத் தலையோட நான் மணையில உக்காந்தேன்னா, அந்தப் பழியை நானே ஒத்துக்கிட்ட மாதிரி அம்மிணி. ஊட்டுல எல்லாரும் என்ற தலையைப் பாத்துச் சொல்றாங்க, இந்தத் தடவை ஒழுங்கா இருக்கறா, அதான் தங்கியிருக்குதுன்னு. அப்போ போன தடவை போனதுக்கு நான்தானே காரணம்? இந்தப் புள்ளை வயித்துல ஒதைக்கறப்பெல்லாம் எனக்கு அந்தப் புள்ளை நெனப்புதான் வருது. எனக்குத் தெரிஞ்சாகணும். நான் பண்ணுனதுன்னா சாகறவரைக்கும் சுமக்கறேன். இல்லைன்னா எதுக்குச் சுமக்கணும்?"

இருவரும் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டரம்மா சின்ன வயசு, திருச்சிப் பக்கம். வெளியே வரிசை நீண்டிருந்தது. அக்கா அவசரப்படவில்லை. முதலில் டை போடலாமா என்று கேட்டார்.

"மூணு மாசம் முடிஞ்சிருச்சில்ல? போட்டுக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "தோல் வழியா உள்ள போறது ரொம்பக் கொஞ்சம். குழந்தைக்குக் கெடுதல்னு இதுவரை தெரியல."

"அப்போ மொத மூணு மாசம் மட்டும் எதுக்குங்க வேண்டாம்கறீங்க?"

"குழந்தையோட உறுப்பெல்லாம் உருவாகற காலம் அது. கர்ப்பிணிகளை வெச்சு நிறைய ஆராய்ச்சி பண்ண முடியறதில்ல. அதனால ஒரு முன்ஜாக்கிரதைக்கு, தள்ளிப் போடுங்கன்னு சொல்றோம். கெடுதல்னு நிரூபிச்சு இல்ல."

காதுக்குப் பின்னால் வைத்துப் பார்க்காமல் போடாதீர்கள், இத்தனை வருடம் ஒத்துக்கொண்ட தோல் மாசமாக இருக்கும்போது ஒத்துக்காமல் போகலாம் என்றார். தலையில் புண், கீறல் இருந்தால் கூடாது. காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்குமேல் ஊறவிடக் கூடாது, நன்றாக அலச வேண்டும். என்னைப் பார்த்து, "கையுறை போடுவீங்கல்ல?" என்றார். தலையாட்டினேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "இன்னொன்னு கேக்கோணுமுங்க" என்றார். குரல் மாறிவிட்டது. "மூணு வருசத்துக்கு முன்னாடி, தெரியாம மொத மாசத்துல போட்டுட்டேன். மூணாம் மாசம் கலைஞ்சு போச்சுங்க. அது நான் போட்டதாலயா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"அதையா இத்தனை நாளா நினைச்சிட்டிருக்கீங்க? இல்லைங்க. ஆரம்பத்துல கலையறது பெரும்பாலும் கரு உண்டாகும்போதே சரியா அமையாததாலதான். அம்மா செஞ்சதோ செய்யாததோ காரணமில்ல."

"நிச்சயமுங்களா?"

"உங்களுக்கு ஏன் கலைஞ்சுதுன்னு இப்போ யாராலயும் திட்டமா சொல்ல முடியாது. நான் பொய் சொல்லக் கூடாது. ஆனா ஒரு தடவை தலைக்கு டை போட்டதால கலைஞ்சுதுன்னு சொல்றதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரே, அதனால்தான் அக்கா அந்த டாக்டரம்மாவை நம்பினார். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் அழுதார். நானும் அழுதேன். டீக்கடைக்காரர் பாவம், டீ நன்றாக இல்லையோ என்று பதறிப்போய் வேறு போட்டுக் கொடுத்தார்.

வீட்டில் சொன்னதும் மாமியார் குதித்திருக்கிறார். அக்கா அசையவில்லை என்றதும் கோயில் பாதைக் கடைகளில் விற்கிற ஒரு பாக்கெட்டை வாங்கிக் கொடுத்தாராம். அதை அக்கா என்னிடம் கொண்டுவந்தார். மேலே அருவிப் படம். கீழே 'கொல்லிமலை மூலிகைக் கருப்பு மருதாணி' என்று கொட்டை எழுத்து.

"போட்டுத்தான் தீருவேன்னா இதையாச்சும் போடுங்கறாங்க அத்தை. மூலிகையாம், நம்ம மலைச் சரக்காம், ஒண்ணும் பண்ணாதாம்." அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் பொறந்து வளந்த மலை இது. அரை மணி நேரத்துல தலையைக் கருப்பாக்கற தழை எந்தக் காட்டுல இருக்குது? மருதாணி வெச்சா செவக்கும். இதைக் கருப்பாக்கறது எது? எழுதியிருக்குதா பாரு."

திருப்பிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. எங்கோ கீழே அடைத்து, லாரியில் வளைந்து வளைந்து மலையேறி வந்து, எங்கள் மலைப் பெயரிலேயே எங்களிடம் விற்கப்பட்ட பொடி அது. எழுதாமல் விட்ட டைதான் அதற்குள்ளும் இருக்கும், எவ்வளவு என்பதுதான் தெரியாது. மலையில் பாதிப் பேர் மூலிகை என்ற ஒரு சொல்லுக்காக அதை நம்பித் தலையில் தடவிக்கொண்டிருந்தார்கள். நானும்கூட இரண்டு பாக்கெட் வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். அன்றைக்கே தூக்கிக் குப்பையில் போட்டேன்.

குழந்தை என்ன ஆயிற்று என்று உங்களுக்குப் பதைப்பாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். நல்லபடியாகப் பிறந்தது. பெண். அதற்குப் பிறகு என் கை ராசியான கை என்று மாசமாக இருந்த இரண்டு பேர் பழத்தட்டோடு வந்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அக்கா காதில் விழுந்ததும் கடைக்கே வந்து பிடித்தார். "அன்னைக்கு உன்ற கையால போச்சுன்னாங்க, இன்னைக்கு உன்ற கையால பொறந்துச்சுங்கறாங்க. ரெண்டுக்கும் காரணம் இருக்குதா? இதை ஒத்துக்கிட்டா அதையும் ஒத்துக்கோணும் பாத்துக்க." பழத்தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் டை போட்டுக்கொண்ட அந்த நாள்தான்.

காதுக்குப் பின்னால் வைத்த பொட்டு ஒன்றும் செய்யவில்லை. வேண்டுமென்றே சந்தை நாளாகப் பார்த்து வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் வாசல் திரையைக் கம்பியோடு கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார்.

"அக்கா, காத்து வேணும்னா ஜன்னலைத் தொறந்தாப் போதுமுங்க."

"எனக்கு இந்தப் பக்கத்துக் காத்துதான் வேணும். நீ போடு."

கையுறை மாட்டினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த மாமியார் குரல் காதுக்குள்ளேயே இருந்தது. வகிடு எடுத்து முதல் கோடு இழுப்பதற்குள் வாசலில் நான்கு பேர் கூடிவிட்டார்கள். ஓர் அம்மாள் தாங்கமாட்டாமல் கேட்டார்.

"ஏனுங்க, வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு இதெல்லாம் போடலாமுங்களா?"

"டாக்டரம்மாவைக் கேட்டுட்டுத்தானுங்க போடறேன். வேண்டாம்ங்கறதுக்கு உங்களுக்கு ஏதாச்சும் காரணம் தெரியுமுங்களா? சொல்லுங்க, இப்பவே எந்திரிச்சுக்கறேன்."

"இல்லீங்க, சும்மா சொன்னேன்."

"அந்தச் சும்மாதானுங்க என்னை மூணு வருசமாக் கொன்னுச்சு."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். அவர் நகர்ந்த இடத்தில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஓடிவந்ததில் அவருக்கு மூச்சிரைத்தது. என் கையிலிருந்த பிரஷ் நின்றுவிட்டது.

"நீ போடு அம்மிணி" என்றார் அக்கா. கண்ணாடியில் மாமியாரைப் பார்த்தபடியே பேசினார். "உள்ள வாங்க அத்தை. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. நான் பின்னந்தலையை முடித்தேன், முன்பக்கம் முடித்தேன். கடைசி முடிக்கற்றையைத் தூக்கி வைத்தபோது அக்கா கேட்டார். மூன்று வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

"அத்தை, அன்னைக்கு நான்தான் அந்தப் புள்ளையக் கருக்கிட்டேன்னு சொன்னீங்களே, எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

சண்டை வெடிக்கப் போகிறது, கடை ரெண்டாகப் போகிறது என்றுதான் நினைத்தேன். மாமியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியலை சாமி" என்றார். "பன்னெண்டு வருசம் கும்பிட்டுக் கெடந்த புள்ளை. யாரையாச்சும் சொல்லணும் போல இருந்துச்சு. சாமியைச் சொல்லப் பயமா இருந்துச்சு. நீ கிட்ட இருந்தே."

டை வழிந்துவிடாமல் அக்காவின் நெற்றியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கன்னம் ஈரமாகிக்கொண்டே இருந்தது.

நேரமாகிவிட்டதை நானே மறந்துபோனேன். மாமியார்தான் எழுந்தார். "எத்தனை நேரம் ஊறப் போடறே? டாக்டரம்மா சொன்ன நேரம் ஆகலையா? எந்திரி கண்ணு" என்று மருமகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கழுவும் தொட்டிக்குக் கூட்டிப்போனார். வாளித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து, "இப்படிச் சில்லுன்னா வெச்சிருக்கறது? வெதுவெதுன்னு கொண்டா" என்று என்னை அதட்டினார். கொண்டுவந்தேன். நான் சொம்பை எடுப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

முதல் சொம்புக்குத் தண்ணீர் கறுப்பாக இறங்கியது. பிறகு பழுப்பாக வந்தது. போதுமுங்க, நான் அலசிக்கறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. ஒரு கையால் மருமகளின் நெற்றியில் அணை கட்டிக்கொண்டு, கண்ணில் ஒரு சொட்டுப் படாமல், தண்ணீர் தெளிவாக வரும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.